லிப்வெப்பி ஓட்டை: கேள்வி பதில்

செங்கோட்டை, போட்டோ ஸ்டுடியோ: கல்யாண வீட்டார் படம் ஏற்றும் தளம் எங்களுடையது. சர்வரில் ஓடுவது டெபியன் 12 லினக்ஸ். வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லைப்ரரியான லிப்வெப்பியில் சிவிஇ-2023-4863 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதாம், அதை அடைக்க லிப்வெப்பி 1.3.2 வேண்டும் என்கிறார்கள். அப்டேட் போட்டும் 1.2.4 என்றே காட்டுகிறது, சார்.

பதில்: அப்படித்தான் காட்டும். டெபியன் பழைய பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் சேர்த்துத் தரும். எண் 1.2.4-0.2+டெப்12யூ1 அல்லது அதற்கு மேல் என்றால் சரி. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தீர்களா? ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ் பழைய லைப்ரரியையே மெமரியில் வைத்திருக்கும்.

கொழிஞ்சாம்பாறை, பைத்தான் வேலை: அண்ணா, நான் பில்லோ என்ற பைத்தான் பட லைப்ரரியை வைத்துப் படங்களைச் சுருக்குகிறேன். இந்த அப்டேட் போதுமா?

பதில்: போதாது தம்பி, பலர் ஏமாறுவது இங்கேதான். பைத்தானின் பிப் இன்ஸ்டாலர் வழியாக வரும் பில்லோ தனக்கென்று ஒரு லிப்வெப்பியை உள்ளேயே கொண்டுவரும். டெபியனின் அப்டேட் கருவியான ஆப்ட் அதைத் தொடாது. பில்லோ 10.0.1-க்குப் போங்கள். டாக்கர் இமேஜ் இருந்தால் அதையும் புதிதாக பில்ட் செய்ய வேண்டும்.

களியக்காவிளை: டாட் வெப்பி கோப்புகளைத் தடுத்துவிட்டோம். தப்பித்தோமா?

பதில்: இல்லை. பில்லோ படத்தின் வகையைப் பெயரை வைத்து முடிவு செய்யாது, தொடக்க பைட்டுகளைப் பார்க்கும். வெப்பிக்கு டாட் ஜேபிஜி என்று பெயர் வைத்தாலும் திறந்துவிடும். இமேஜ் ஓப்பனில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் ஜேபெக், பிஎன்ஜி இரண்டை மட்டும் கொடுங்கள்.

கம்பம், கல்லூரி மாணவி: எந்த இடத்தில் உடைகிறது, சார்?

பதில்: தரம் குறையாத வெப்பியில், சுருக்கிய குறியீடுகளை விரித்துப் படிக்க உதவும் ஹஃப்மேன் அட்டவணை கட்டும் இடத்தில். பச்சை, சிவப்பு, நீலம், ஆல்ஃபா, தூரம் என ஐந்து அட்டவணைக்கும் சேர்த்து முன்கூட்டியே கணக்கிட்ட இடம்தான் ஒதுக்குவார்கள். கலர் கேஷ் (அண்மையில் வந்த நிறங்களின் சேமிப்பு) இல்லையென்றால் 654 + 630×3 + 410, அதாவது 2,954 உள்ளீடுகள். ஒழுங்கான குறியீடுகளுக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் குறியீட்டு நீளங்கள் கோப்பிலிருந்தே வருகின்றன. அவை முழுமையான மரமாக அமைகின்றனவா என்ற சோதனை, அட்டவணையை எழுதிய பிறகுதான் நடந்தது. கோணலான நீளங்களைக் கொடுத்தால், ஹீப் என்ற மெமரிப் பகுதியில் ஒதுக்கிய இடத்தின் எல்லையைத் தாண்டி எழுதிவிடும். அளவை முதலில் எண்ணிப் பார்த்து, தேவையானால் கூடுதல் இடம் ஒதுக்குவதுதான் திருத்தம். 2023 செப்டம்பர் 6 அன்று இதை கூகுளுக்குத் தெரிவித்தவர்கள் ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக்கூடமும்.

குமுளி, அக்ஷயா மையம்: எங்களிடம் இன்னும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்தான். குரோம் ஓடுகிறதே?

பதில்: ஓடும், ஆனால் குரோமுக்குள்ளும் இதே லிப்வெப்பி இருக்கிறது; விண்டோஸ் 7-இல் ஓடுவது பதிப்பு 109-ஓடு நின்றுபோன குரோம். திருத்தம் வந்தது 116-இல். அந்தக் கம்ப்யூட்டரை மாற்றும் வரை ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) 115.2.1 அல்லது அதற்குப் பிந்தைய 115 வரிசைப் பதிப்பைப் போடுங்கள். வாடிக்கையாளர் ஆதார் படத்தையெல்லாம் அதில் திறக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே.