அழைப்பிதழில் ஆயரா, பேராயரா?

கேள்வி: எங்கள் ஊரில் நூலகக் கட்டடத் திறப்பு விழா. கும்பகோணம் பிஷப், பக்கத்து ஊர் ஃபாதர், லுத்தரன் சபை பாஸ்டர், கான்வென்ட் சிஸ்டர் நால்வரும் வருகிறார்கள். விழாக் குழுவில் கிறிஸ்தவர் யாரும் இல்லை. அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? மேடையில் எப்படி அழைப்பது?
- வாசகர், பாபநாசம்

பதில்: முதலில் ‘ஆயர்’ விஷயத்தில் உஷாராக இருங்கள். நம் பக்கத்து அச்சகங்கள் தடுக்கி விழுவது அங்கேதான். கத்தோலிக்கரிடம் பிஷப்தான் ஆயர், ஆர்ச்பிஷப் பேராயர். லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆகிய புராட்டஸ்டன்ட் சபைகளிலோ பிஷப்பே பேராயர். ஆயர் என்றால் ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்டர். உங்கள் அழைப்பிதழில் இரண்டு ஆயர்கள் வரக்கூடும். ஒருவர் பல ஊர்க் கோயில்கள் அடங்கிய மறைமாவட்டத்துக்கே தலைவர், இன்னொருவர் ஒரு சபைக்குக் குரு.

கும்பகோணம், தஞ்சாவூர் இரண்டு மறைமாவட்டங்களுக்கும் ஆயர்தான். பேராயர் இருப்பது புதுச்சேரி-கடலூருக்கு. கூடுதல் மரியாதையாக இருக்கட்டுமே என்று கும்பகோணத்தாருக்குப் ‘பேராயர்’ போட்டுவிடாதீர்கள்; அவருக்கே சங்கடம். ‘மேதகு ஆயர்’, பெயர், ‘அவர்கள்’, அடுத்த வரியில் ‘கும்பகோணம் மறைமாவட்டம்’. அவ்வளவுதான். மேடையில் ‘மேதகு ஆயர் அவர்களே’ என்றால் போதும். பழைய கத்தோலிக்கர்கள் ‘ஆண்டகை’ என்பார்கள். உங்களுக்கு அது வாயில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஃபாதருக்கு ‘அருட்தந்தை’ அல்லது ‘அருள்திரு’, இரண்டில் ஒன்று. ‘திரு. அருட்தந்தை’ என்று இரண்டு மரியாதையை அடுக்கி அச்சடித்த நோட்டீஸை நானே பார்த்திருக்கிறேன். (இலக்கணப்படி ‘அருட்டந்தை’ என்றுதான் புணர வேண்டும், அப்படி அச்சிட்டால் பிழை என்று உங்களிடமே சண்டைக்கு வருவார்கள்.) அவர் அந்த ஊர்க் கோயிலின் பொறுப்பாளர் என்றால் கீழே ‘பங்குத்தந்தை’ என்று பதவியைப் போடுங்கள். பெயருக்குப் பின்னால் ‘சே.ச.’ இருந்தால் அவர் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபைக்காரர். இனிஷியல் என்று எண்ணி முன்னால் தூக்கிப் போட வேண்டாம். நேரில் ‘ஃபாதர்’. நம் கிராமங்களில் பெரியவர்கள் இன்றும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுவும் சரியே.

சிஸ்டருக்கு ‘அருட்சகோதரி’. செல்வி, திருமதி இரண்டும் கூடாது.

லுத்தரன் பாஸ்டருக்கு ‘அருட்திரு’ அல்லது ‘மறைத்திரு’ போட்டு, கீழே ‘சபைகுரு’ என்று போடுவது உங்கள் விஷயத்தில் நல்லது. ‘ஆயர்’ குழப்பமே வராது. அருட்தந்தை வேண்டாம், அது கத்தோலிக்க வழக்கம். நேரில் ‘ஐயா’ என்று சொல்லுங்கள். முன்பெல்லாம் ‘ஐயர்’ என்பார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கையே சீகன்பால்கு ஐயர் என்றுதான் சொல்லி வந்தார்கள். இன்று மேடையில் அப்படி அழைத்தால் கூட்டம் வேறு யாரையோ தேடும். பாஸ்டர் பெண்ணாக இருந்தாலும் அச்சில் அதே ‘அருட்திரு’தான், நேரில் ‘அம்மா’.

யார் எந்தச் சபை என்று சந்தேகம் வந்தால் அவர்களுடைய லெட்டர்பேடைப் பாருங்கள். ‘மறைமாவட்டம்’ என்றிருந்தால் கத்தோலிக்கர், ‘திருமண்டலம்’ என்றால் சி.எஸ்.ஐ. பின்னாளில் லுத்தரன் பேராயரையும் அழைப்பதாக இருந்தால், பட்டம் தரங்கைப் பேராயர் என்றாலும் தலைமை அலுவலகம் திருச்சியில். அழைப்பிதழைத் தரங்கம்பாடிக்கு அனுப்பாதீர்கள்.

பொன்னாடை நால்வருக்கும் போர்த்தலாம். ஆயரின் மோதிரத்தை முத்தமிடுவது கத்தோலிக்கர் வழக்கம். நீங்கள் கைகூப்பினால் போதும்.