பழைய சீன ஜேட்: கேள்வி-பதில்

கே: பெய்ஜிங் பான்ஜியாயுவான் சந்தையில், மிங் காலத்தது என்று சொல்லிக் கிளிப்பச்சையில் ஒரு ஜேட் தவளை கொடுத்தார்கள். விமான நிலையத்தில் யாரும் தடுக்கவில்லை. நிஜம்தானே? (வாசகி, சிங்கப்பூர்)

ப: இல்லை. ஜேட் என்று இரண்டு வகைக் கல்லைச் சொல்வார்கள்: நெஃப்ரைட், ஜேடைட். அந்தக் கிளிப்பச்சை ஜேடைட்டுக்கு உரியது. பர்மாவிலிருந்து அது சீனாவுக்குத் தாராளமாக வந்தது 18ஆம் நூற்றாண்டில். மிங் ஆட்சி 1644இலேயே போய், சிங் ஆட்சி வந்துவிட்டது. அப்புறம், 1911க்கு முந்தைய பழம்பொருளைச் சீனாவை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. தவளை நிஜமாக இருந்திருந்தால் நீங்கள் கடத்தல்காரர்.

கே: சிங் காலத்துக் குதிரைச் சிற்பம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஆய்வகச் சான்றிதழும் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், பினாங்கு)

ப: சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? ‘இயற்கை நெஃப்ரைட்’ என்று இருக்கும். அது கல்லின் வகை. எப்போது செதுக்கினார்கள் என்று அது சொல்லாது. கல்லுக்கு எப்படியும் கோடிக்கணக்கான வயது.

செதுக்குவது என்றுகூடச் சொல்லக் கூடாது, தேய்ப்பது. சாதாரண இரும்பு உளி இந்தக் கல்லில் ஏறாது. காலால் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தில் ஈர மணலைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத்தான் உருவம் எடுத்தார்கள். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் சுமார் 5 டன் எடையில் ஒரு ஜேட் மலை நிற்கிறது. கல் சின்ஜியாங்கிலிருந்து வந்தது, வேலை யாங்ஜோவில் நடந்தது, 1787இல் முடிந்தது. அதற்கே வருடக்கணக்கில் ஆயிற்று. நல்ல பழைய வேலையில் கை எட்டாத இடுக்கிலும் மெருகு இருக்கும். குதிரையின் வயிற்றுக்கடியில், கால் சேருமிடத்தில் உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள். ஒரே ஆழத்தில் வரிவரியாகக் கீறல் தெரிந்தால் மின்கருவி வேலை. என்னிடமும் ஹாங்காங்கில் வாங்கிய ஒரு ‘சிங்’ யானை இருக்கிறது. வயிற்றில் வரி, கையில் லேமினேட் செய்த சான்றிதழ்.

கே: பளபளப்பான சிலையைக் கத்தியால் கீறினேன், கோடு விழுந்தது. பழசு என்பதால் மென்மையாகிவிட்டது என்கிறார் கடைக்காரர்.

ப: மண்ணில் புதைந்து வெளுத்துப்போன ஜேட் மென்மையாகும். பளபளக்கும் கல்லில் கோடு விழுந்தால் அநேகமாக செர்பன்டைன், ஜேட் போலத் தெரியும் மென்மையான வேறு கல். அது சரி, அடுத்தவர் சிலையில் கத்தி வைக்க உங்களுக்கு யார் சொன்னது?

கே: ஓய்வுபெற்ற பணத்தில் அப்பா சிங் காலத்து புத்தர் பதக்கம் வாங்கினார். ஆய்வகத்தில் ‘பி’ வகை என்கிறார்கள். மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை. (மகள், சிங்கப்பூர்)

ப: அப்பாவைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. ‘பி’ என்றால் அமிலத்தில் வெளுத்து, உள்ளே பாலிமர் என்ற செயற்கைப் பிசின் ஏற்றிய ஜேடைட். அந்த வித்தை பரவியதே 1980களில். ஆகவே பழசு என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. ரசீதில் ‘சிங்’ என்றோ ‘இயற்கை’ என்றோ எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். அதையும் ஆய்வறிக்கையையும் எடுத்துக்கொண்டு சிறு கோரிக்கை நடுவர் மன்றம் போங்கள். 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இரண்டு வருடக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

கே: ‘மலாய் ஜேட்’ மலிவாகக் கிடைக்கிறது...

ப: சாயமேற்றிய குவார்ட்ஸ், ஜேட் இல்லை. நிறம் பிடித்தால் வாங்குங்கள், பேரம் பேசி.