வீட்டில் உள்ளவர்களை வரைவது எப்படி?

கேள்வி: வேலை நேரம் போகக் கிடைக்கும் பொழுதில் சில ஆண்டுகளாக நீர்வண்ண ஓவியம் பழகிவருகிறேன். இதுவரை இணையத்தில் கிடைக்கும் இயற்கைக் காட்சிப் புகைப்படங்களைப் பார்த்தே வரைந்தேன். இப்போது என் குடும்பத்தினரையும் வீட்டின் அன்றாடக் காட்சிகளையும் வரைய ஆசை. ஆனால், பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. கைபேசியில் படமெடுத்து வரைந்தால் ஓவியத்தில் உயிர் இருப்பதில்லை. எதை வரைவது, எப்படித் தொடங்குவது?

பதில்: பிறர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரையும்போது, எந்தக் கோணம், எந்த வெளிச்சம், எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்ற முடிவுகளையெல்லாம் அந்தப் புகைப்படக் கலைஞர் முன்பே எடுத்துவிட்டிருக்கிறார். இப்போது அந்த முடிவுகள் உங்கள் பொறுப்புக்கு வந்திருப்பதால்தான் தடுமாறுகிறீர்கள். உங்கள் கைத்திறனில் குறை இருப்பதாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

பிள்ளைகள் அசைவதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். வீட்டில் நடக்கும் செயல்களில் பெரும்பாலானவை மறுநாளும் நடப்பவை என்பதை நினைவில் வையுங்கள். தலை வாரிவிடுபவர் நாளையும் ஏறக்குறைய அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் அமர்ந்து வாரிவிடுவார். எனவே, ஒரே நாளில் முழுக் காட்சியையும் பிடித்துவிட முயலாதீர்கள். கையடக்கமான வரைபுத்தகமும் ஒரு 2பி பென்சிலும் போதும். முதல் அரை நிமிடத்தில் முதுகின் வளைவு, தலையின் சாய்வு, உடலின் எடை எந்தக் காலில் அல்லது எந்தக் கையில் இறங்குகிறது என்ற மூன்றை மட்டும் கோடாக இழுங்கள். பிள்ளை அசைந்துவிட்டால் அழிக்காமல் பக்கத்திலேயே அடுத்த கோட்டைத் தொடங்குங்கள். பழைய நிலைக்குத் திரும்பினால் நீங்களும் பழைய கோட்டுக்குத் திரும்பலாம். ஒரே பக்கத்தில் ஐந்தாறு அரைகுறை உருவங்கள் சேர்வது நல்ல அடையாளம். தொடக்கத்தில் உறங்குபவர், படிப்பவர், காய் நறுக்குபவர் எனத் தன்னை மறந்து ஒன்றில் ஆழ்ந்திருப்பவரைத் தேர்ந்தெடுப்பது எளிது.

எதை வரைவது என்ற கேள்விக்கு, பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ 1872இல் வரைந்த ‘தொட்டில்’ என்ற ஓவியத்தைக் கூர்ந்து பார்க்கும்படி பரிந்துரைப்பேன். அவருடைய அக்கா எட்மா, உறங்கும் மகளைத் தொட்டிலருகே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்; நிகழ்ச்சி அவ்வளவுதான். ஆனால், கன்னத்தைத் தாங்கியபடி மடங்கியிருக்கும் தாயின் கையும், உறக்கத்தில் மடங்கியிருக்கும் குழந்தையின் கையும் ஒன்றையொன்று எதிரொலிக்க, முகபாவத்தை நம்பியிராமல் கைகளின் கோடுகளே அந்த உறவைச் சொல்லிவிடுகின்றன. நீங்களும் பெரிய நிகழ்ச்சிகளைத் தேட வேண்டாம். இருவருக்கிடையிலோ, ஒருவருக்கும் அவர் கையிலுள்ள பொருளுக்கும் இடையிலோ இருக்கும் ஒரேயொரு தொடர்பைத் தேர்ந்து, அதற்கு உதவாத பொருள்களைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். அறையில் இருப்பதையெல்லாம் வரையும் பழக்கம்தான், என் கருத்தில், குடும்பக் காட்சிகளைக் கெடுக்கும் முதல் காரணம்.

வண்ணத்தைத் தொடுமுன், அதே காட்சியைத் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக, வெளிச்சம், இடைநிழல், இருள் என்ற மூன்றே அளவுகளில் வரைந்து பாருங்கள். அந்தச் சிறு வடிவத்திலேயே கண் எங்கே செல்ல வேண்டும் என்பது புலப்படாவிட்டால், பெரிய தாளில் எத்தனை வண்ணம் சேர்த்தாலும் புலப்படாது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மையே என்பதால், எந்த இடத்தைத் தொடாமல் விடுவது என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். மஞ்சள் விளக்கொளியோடு சன்னலின் பகல் வெளிச்சமும் கலந்தால் நிழல்களில் நீலச்சாயல் தெரியும். இத்தகைய நிறக் குறிப்புகளைச் சொற்களாக ஓரத்தில் எழுதிவைத்து, காட்சி மனத்தில் மங்குவதற்குள் வண்ணம் தீட்டுங்கள். பிரெஞ்சு ஓவியர் பியேர் பொன்னார் தம் வீட்டுக் காட்சிகளைப் பென்சில் குறிப்புகளையும் நினைவையும் கொண்டே தீட்டினார். நினைவு தேவையற்றதைத் தானாகவே உதிர்த்துவிடும் என்பதால் இந்த முறை உங்களுக்கும் உதவும்.

கைபேசிப் படத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. கைபேசியின் முதன்மை வில்லை (லென்ஸ்) அகலக்கோணம் கொண்டது. மிக அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னுக்குப் போய்விடும். இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, சற்றே பெரிதாக்கி, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். நாற்காலியின் கால், சன்னல் கம்பி போன்ற விவரங்களைச் சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்தி, உருவத்தை உங்கள் கோடுகளிலிருந்தே எடுங்கள். தாளில் முகம் நாணயம் அளவே வருமானால் கண்ணிமை, உதடு என்று நுணுக்கமாகச் செல்லாதீர்கள். தலையின் சாய்வும் தோளின் நிலையும் சரியாக இருந்தால் வீட்டார் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வரையப்படுவதை விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். முடித்த ஓவியத்தை வெளியாருக்குக் காட்டுவதானால், பிள்ளைகள் உட்பட, அதில் இருப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.