இடப்பக்கம் சாயும் எழுத்தும் சட்டப் படிப்பும்

அன்புள்ள அம்மா,

நீங்கள் அனுப்பிய கையெழுத்து ஆய்வு அறிக்கையை இரண்டு முறை படித்தேன். எழுத்து சிறியது, இடப்பக்கம் சாய்கிறது, ஆகவே உங்கள் மகள் கூச்ச சுபாவம் உள்ளவள், மனதில் பட்டதைச் சொல்லத் தயங்குவாள், வாதாடும் தொழில் ஒத்துவராது என்கிறது அது. அவளோ சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். "படிக்கப் படிக்க அவளை நேரில் பார்த்த மாதிரியே இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: அவள் இடது கைப் பழக்கம் உள்ளவள். அறிக்கையில் அந்தத் தகவல் எங்குமே இல்லை. இடது கையால் எழுதும் பலருக்கு எழுத்து இடப்பக்கம் சாய்வது சாதாரணம். தாளை வைக்கிற கோணம், மணிக்கட்டு வளைகிற விதம், எழுதிய மையைக் கையே அழித்துவிடாமல் இருக்கச் செய்யும் சர்க்கஸ், எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. அதைப் போய் 'ஒதுங்கும் குணம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கையெழுத்தை வைத்து ஆளை எடைபோடும் ஆசை பழையது. இத்தாலியரான கமில்லோ பால்டி 1622-லேயே இதைப் பற்றி நூல் எழுதிவிட்டார். 'கிராஃபாலஜி' என்ற பெயரைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டு பிரான்சில் வாழ்ந்த மிஷோன் என்ற பாதிரியார். அவர்கள் வழியில் வந்த விதிகள் பலவும் ரோமன் எழுத்துகளைப் பார்த்துச் செய்தவை: டி எழுத்தின் குறுக்குக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஐ எழுத்தின் புள்ளி எங்கே விழுகிறது, ஒய் எழுத்தின் வால் எவ்வளவு நீளம் என்று. நம் ழகரத்துக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் அங்கே இடமே இல்லை. மகளின் தமிழ் நோட்டையும் ஆங்கில நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாய்வும் அளவும் இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை என்றால், எந்தக் குணத்தை எடுத்துக்கொள்வது?

இந்த விதிகள் நம்பும்படி இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சொல் விளையாட்டுதான். அழுத்தி எழுதினால் ஆள் அழுத்தக்காரர். இடம் விட்டு எழுதினால் யாரோடும் ஒட்டாதவர். வரி மேலே ஏறினால் வாழ்க்கையில் ஏறுகிறவர். கேட்டதும் 'ஆமாம், சரிதானே' என்று தோன்றும். பேனா முனை தேய்ந்திருந்தாலும் அழுத்தித்தான் எழுத வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வராது.

சரி, அறிக்கை மகளுக்கு அப்படியே பொருந்துகிறதே என்கிறீர்கள். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் 'இது உன்னைப் பற்றிய கணிப்பு' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வரிகளை அவர் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

இன்னொன்று. ஆய்வுக்குக் கொடுத்த தாளில் மகள் 'என்னைப் பற்றி' என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். கூட்டத்தில் பேசத் தயக்கம் என்று அவளே அதில் சொல்கிறாள்! படித்தாலே தெரிகிற விஷயத்துக்குச் சாய்வை ஏன் அளக்க வேண்டும்? இந்தச் சிக்கலை 1989-ல் எஃப்ரத் நெட்டர், கெர்ஷோன் பென்-ஷகர் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். வேலைக்கு வந்தவர்களின் எழுத்தைப் பார்த்துக் கணிப்பதில், கையெழுத்தை வைத்துக் குணம் சொல்லும் கலை தெரிந்தவர்கள் அது தெரியாதவர்களைவிட மேலாக எதையும் செய்துவிடவில்லை.

நீதிமன்றத்தில் கையெழுத்து நிபுணர் சாட்சி சொல்கிறாரே என்று கேட்பீர்கள். அது வேறு சங்கதி. இந்தக் கையெழுத்து இன்னார் போட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. போட்டவர் எப்படிப்பட்டவர் என்பது அவருக்குத் தேவையே இல்லை.

கையெழுத்து எதையுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. உடம்பைப் பற்றிச் சொல்லும். பார்க்கின்சன் நோயில் எழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டே வருவதை மருத்துவர்கள் கவனிப்பார்கள். பிள்ளைகள் விஷயத்தில் நான் பார்ப்பது இவற்றைத்தான்: பேனாவை இறுக்கிப் பிடிக்கிறாளா, அரை மணி நேரத்தில் கை வலிக்கிறதா, கடைசிப் பக்கத்தில் எழுத்து உருக்குலைகிறதா. ஒரு கேள்விக்கு வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் அதையே எழுதச் சொல்லுங்கள். வாயில் பத்து கருத்து வந்து தாளில் மூன்றுதான் இறங்குகிறது என்றால், குணத்தை விட்டுவிட்டு 'டிஸ்கிராஃபியா' என்ற எழுதுதல் சிரமம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர், இருக்கிறார். சட்டத் தேர்வுகளில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும். திருத்துகிறவர் கண்ணுக்குப் புரியாத எழுத்து, பதில் சரியாக இருந்தும் மதிப்பெண்ணைக் குறைக்கும். எனவே தெளிவும் வேகமும் வரப் பயிற்சி எடுக்கட்டும். 'எழுத்தை மாற்றினால் குணம் மாறும்' என்று அறிக்கை கொடுத்த நிலையம் சொல்கிற மூன்று மாத வகுப்பு வேண்டாம்.

சட்டம் ஒத்துவருமா என்பதைச் சட்டத்தை வைத்தே பார்க்கலாம். ஆட்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் முறைகளைப் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளை ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998-ல் தொகுத்தார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு எண்: 1 என்றால் கணிப்பு முழுக்கப் பொருந்துகிறது, 0 என்றால் தொடர்பே இல்லை. அந்த வேலையிலேயே ஒரு சிறு பகுதியைச் செய்யவைத்துப் பார்க்கும் முறைக்கு அவர்கள் கணக்கில் 0.54. கையெழுத்துக்கு 0.02. அதனால் வீட்டிலேயே ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு தகராறைச் சொல்லி, முதலில் ஒரு பக்கத்துக்காகப் பத்து நிமிடம் பேசட்டும், பிறகு எதிர்ப்பக்கத்துக்காக. ஒரு தீர்ப்பை எடுத்து, நீதிபதி ஏன் அப்படி முடிவு செய்தார் என்று அரைப் பக்கம் எழுதட்டும். முடிந்தால் ஒரு நாள் விசாரணையை உட்கார்ந்து பார்க்கட்டும். சலிப்பு தட்டுகிறதா, இன்னும் வேண்டும் என்கிறாளா என்பதைக் கவனியுங்கள். தயக்கம் உண்மையாகவே இருந்தாலும் பரவாயில்லை. ஒப்பந்தம் எழுதுவது, சட்ட ஆலோசனை சொல்வது என்று வாதாடாமலே செய்யும் வேலைகள் சட்டத்தில் நிறைய உண்டு.

அந்த அறிக்கையை அவளிடம் காட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. காட்டவில்லை என்றால் வேண்டாம். காட்டிவிட்டீர்கள் என்றால், முதல் பக்கத்தில் அவள் பெயரை மறைத்துவிட்டு உங்கள் தோழி ஒருவரிடம் 'இது உன்னைப் பற்றியது' என்று கொடுத்து, எத்தனை வரிகளுக்கு அவர் தலையாட்டுகிறார் என்று மகளையே எண்ணச் சொல்லுங்கள்.