வாசகர் கேள்வி பதில்: உறவும் கையொப்பமும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை பதவியில் இருப்போரையும் அவர்களுடைய சொந்தக்காரர்களையும் பற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்தில் கடைசி லயத்திலிருந்து கோயில் வரைக்கும் ஏறக்குறைய முந்நூறு மீற்றருக்குக் கொங்கிறீட் பாதை போட்டார்கள். கொந்தராத்து எடுத்தவர் சபையில் முக்கியமான ஒருவருடைய மருமகன். ஒரு மழைக்காலத்தைக்கூடப் பாதை தாங்கவில்லை. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. கேட்டால், "சொந்தக்காரன் என்றால் தொழில் செய்யக் கூடாதா?" என்கிறார்கள். இது ஊழல்தானே? (வாசகர், நுவரெலியா மாவட்டம்)

பதில்: உங்கள் பெயரை மட்டுமல்லாமல் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். ஊரைச் சொன்னால் சபையைச் சொன்னதாகிவிடும்; அவர்களுடைய விளக்கத்தைக் கேட்காமல் அப்படிச் செய்வது முறையாகாது.

நம் பேச்சில் மருமகன் என்றால் மகளின் கணவராகவும் இருக்கலாம், தங்கையின் மகனாகவும் இருக்கலாம். உங்கள் கடிதத்தில் அது தெளிவாக இல்லை. இருந்தாலும் உங்கள் கேள்விக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தேவைப்படாது. அரச பதவியில் உள்ள ஒருவர் தமக்கோ வேறெவருக்குமோ முறைகேடான நன்மை கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, அல்லது அரசுக்கு நட்டம் ஏற்படும் என்று தெரிந்துகொண்டே, தம் பதவியின் பேரில் ஒன்றைச் செய்தால் அது ஊழல் என்னும் குற்றம். 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்தில் இந்தக் குற்றம் 1994இல் சேர்க்கப்பட்டது. இப்போது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. 'வேறெவருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உறையில் வைத்த பணம் கைமாறியதை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. புதிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, தம் சொந்த நலன் கலந்த விடயத்தில் அதிகாரி ஒருவர் முடிவெடுப்பதையே தனிக் குற்றமாக்கியிருக்கிறது.

ஆகவே 'சொந்தக்காரன் தொழில் செய்யக் கூடாதா' என்று கேட்பவர்களுக்கு, செய்யலாம் என்றே நானும் பதில் சொல்வேன். நாம் கேட்க வேண்டியவை வேறு: வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டதா, எத்தனை பேர் விலை கொடுத்தார்கள், தெரிவு செய்த குழுவில் யார் இருந்தார்கள், வேலை சரியாக முடிந்தது என்று எந்தத் தொழினுட்ப உத்தியோகத்தர் கையொப்பமிட்டார், பணம் எந்தத் திகதியில் விடுவிக்கப்பட்டது. சிறிய வேலைகளைப் போட்டியில்லாமலே ஊர்ச் சங்கங்களுக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அப்படிக் கொடுத்திருந்தால் அந்தச் சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும் யாருடைய ஆட்கள் என்று பாருங்கள். கொந்தராத்துக்காரரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமலே போகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு கோப்பை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்று கடைகளின் மூன்று கடிதத்தாள்களில் மூன்று விலைகள் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் மூன்றிலும் 'சீமெந்து' என்பது 'சீமேந்து' என்றே எழுதப்பட்டிருந்தது. மூன்றிலும் கூட்டுத்தொகைக்குக் கீழே ஒரே மாதிரி இரட்டைக்கோடு, அதன் வலது முனை மேல்நோக்கி வளைந்திருந்தது. ஒரே மேசையில், ஒரே பேனாவால் எழுதியவை என்பதைக் கண்டுபிடிக்கக் கையெழுத்து நிபுணர் தேவைப்படவில்லை. கோப்பைத் திறந்து பார்க்க ஒருவர் வருவார் என்று எழுதியவர் நினைத்தும் பார்க்கவில்லை.

அந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கோரிக்கையைக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை; தமிழிலேயே எழுதலாம். கோரிக்கை கிடைத்ததற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன்பின் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். 'பாதை வேலை பற்றிய விபரங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மதிப்பீடு, விலைகோரல்கள், தெரிவுக் குழுவின் அறிக்கை, வேலை முடிவுச் சான்றிதழ், கொடுப்பனவு உறுதிச்சீட்டு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

இந்த உரிமையைச் சட்டம் குடிமக்களுக்கே கொடுத்திருக்கிறது. 1948இல் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, கடைசித் தொகுதியினர் 2003 வரை காத்திருந்து குடியுரிமை பெற்ற மலையக மக்கள் நாம். நம் பாட்டன்மார் கேட்க முடியாத கேள்வியை நீங்கள் கேட்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

வெடிப்பைப் பற்றி ஒரு சொல். பாதை வெடித்தது ஊழலுக்கு ஆதாரமாகிவிடாது; நம் மலைச்சரிவில் தண்ணீர் ஓடக் கான் வெட்டாமல் போட்ட நல்ல கொங்கிறீட்டும் வெடிக்கும். ஆனால் மதிப்பீட்டில் ஆறு அங்குலம் என்று எழுதிவிட்டு மூன்று அங்குலம் போட்டிருந்தால், அது வேறு கதை. வெடிப்பின் ஓரத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: மத்திய வங்கி ஆளுநர், மருமகன், பிணைமுறி என்று அந்தக் காலத்தில் நாள்தோறும் செய்தி வந்தது. உண்மையில் நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாக விளக்க முடியுமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: அரசு பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் கடன் வாங்கும்போது கொடுக்கும் பத்திரமே பிணைமுறி. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி நடக்கவிருந்த ஏலத்தில் 30 ஆண்டுப் பிணைமுறியால் 100 கோடி ரூபா திரட்டப்போவதாக மத்திய வங்கி அறிவித்திருந்தது. ஆனால் ஏலத்தின் முடிவில் அதைப் போலப் பத்து மடங்குத் தொகையை, சந்தை எதிர்பார்த்ததைவிடக் கூடிய வட்டியில் ஏற்றுக்கொண்டது. பெரும் பங்கைப் பெற்ற பர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் என்ற நிறுவனம் அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புடையது. மருமகன் பணிப்பாளர் பதவியிலிருந்து விலகிவிட்டார் என்பதே அந்நாளில் சொல்லப்பட்ட சமாதானம். பெயர் பலகையில் இல்லாவிட்டால் உறவும் இல்லாமல் போய்விடும் என்ற இந்தக் கணக்கு நம் ஊர்ச் சங்கங்களிலும் பழக்கமானதுதான்.

2017 ஜனவரியில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு, அவ்வாண்டு முடிவதற்கு ஒரு நாள் முன்பு தன் அறிக்கையைக் கையளித்தது. மருமகன் 2018 பெப்ரவரியில் கைதானார். சிங்கப்பூர்க் குடிமகனான முன்னாள் ஆளுநர் நீதிமன்றின் முன் வரவில்லை; சர்வதேசப் பொலிசாரின் சிவப்பு அறிவித்தல்வரை விடயம் சென்றது. ஆணைக்குழுவின் அறிக்கை தீர்ப்பாகாது என்பதை நினைவில் வையுங்கள். அது வழக்குத் தொடரப் பரிந்துரைக்கலாம். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது.

கேள்வி: பெரிய மீன்கள் எப்போதும் வலையை அறுத்துக்கொண்டு போய்விடுகின்றன. யாராவது தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா? (வாசகர், பதுளை)

பதில்: உங்கள் சலிப்புக்குக் காரணம் இருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழு தொடுத்த பல வழக்குகள், மூன்று ஆணையாளர்களின் எழுத்துமூல ஒப்புதல் முறைப்படி பெறப்படவில்லை என்ற காரணத்தால் ஒன்றன்பின் ஒன்றாக மீளப்பெறப்பட்ட காலமும் இருந்தது. குற்றம் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அந்த வழக்குகளில் இடமே கிடைக்கவில்லை. மல்வானை வீடு, காணி தொடர்பான வழக்கில் முன்னாள் அமைச்சர் பசில் ராஜபக்சவும் அவரோடு குற்றஞ்சாட்டப்பட்ட உறவினரும் 2022 ஜூனில் விடுவிக்கப்பட்டார்கள். விடுவிக்கப்பட்டவரைக் குற்றவாளி என்று எழுதுவது எனக்கு ஒப்பான காரியமன்று.

ஆனால் 'எப்போதும்' என்ற உங்கள் சொல்லை 2025ஆம் ஆண்டுக்குப் பிறகு திருத்த வேண்டியிருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரலில் வட மத்திய மாகாண முன்னாள் முதலமைச்சர் எஸ்.எம். ரஞ்சித்துக்கும், அவருடைய தனிப்பட்ட செயலாளராக இருந்த மைத்துனிக்கும் 16 ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. குற்றச்சாட்டு, எரிபொருள் கொடுப்பனவு என்ற பெயரில் 26 இலட்சம் ரூபாவுக்கு மேல் பெற்றது பற்றியது. அந்தத் தொகை பிணைமுறிக்கு முன் தூசு. ஆயினும் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒரு பற்றுச்சீட்டும் ஒரு கையொப்பமும் இருந்தன. மே மாதம் நம் கண்டி மாவட்டத்து முன்னாள் அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 ஆண்டுகளும், அரச விற்பனை நிறுவனமான சதொசவின் முன்னாள் தலைவர் நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டுகளும் விதிக்கப்பட்டன. 2015 ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் விநியோகிப்பதற்காக 14,000 கரம் பலகைகளையும் 11,000 தாம் பலகைகளையும் சதொச ஊடாக வாங்கி அரசுக்கு 5 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் ஏற்படுத்தினார்கள் என்பது அந்த வழக்கு. பத்து ஆண்டுகள் சென்றன என்பதை நானும் மறக்கவில்லை.

கேள்வி: சொத்தையெல்லாம் மனைவி பெயரில் எழுதிவிட்டால் சட்டம் என்ன செய்யும்? (வாசகர், கம்பளை)

பதில்: சொத்துப் பிரகடனத்தில் வாழ்க்கைத்துணையின் சொத்தும் தங்கி வாழும் பிள்ளைகளின் சொத்தும் காட்டப்பட வேண்டும், 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. சிக்கல் மைத்துனர் பெயரிலும் சித்தப்பா பெயரிலும் இருப்பவற்றில்தான். குற்றச் செயலால் ஈட்டிய சொத்துகள் பற்றி 2025இல் நிறைவேறிய சட்டம் அத்தகைய சொத்துகளைத் தேடிப் பறிமுதல் செய்ய வழி வகுத்திருக்கிறது. அது எப்படி நடைமுறைக்கு வருகிறது என்று பார்க்கலாம்.

கேள்வி: நான் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். கொடுப்பனவுப் பட்டியலில் எங்கள் மேலதிகாரி தம் சொந்தங்களைச் சேர்ப்பதைப் பார்க்கிறேன். முறைப்பாடு செய்தால் இடமாற்றம் நிச்சயம். என்ன செய்யலாம்? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: 1954 என்ற தொலைபேசி இலக்கம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுடையது, இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டே அந்த இலக்கம். கொழும்பு 7, மலலசேகர மாவத்தையிலுள்ள அதன் அலுவலகத்துக்குத் தமிழில் கடிதமும் எழுதலாம். தகவல் கொடுப்பவருக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அதே சட்டத்தில், பொய் என்று தெரிந்துகொண்டே முறைப்பாடு செய்வதும் குற்றம். ஆகவே நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும், திகதியோடு எழுதுங்கள். சிற்றுண்டிச்சாலையில் கேட்டதைச் சேர்க்காதீர்கள். கோப்பை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம். கோப்பு இலக்கத்தையும் பக்கத்தையும் குறித்தாலே விசாரணையாளர்கள் தாமே வந்து எடுத்துக்கொள்வார்கள். சட்டம் பாதுகாத்தாலும் அலுவலகத்தில் சில முகங்கள் கறுக்கும். அது நடக்காது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: என் அண்ணன் பிரதேச சபை உறுப்பினர். சந்தைக் கட்டடத்தில் கடையொன்றைக் குத்தகைக்கு விடப் போகிறார்கள். தையல் கடை வைக்க எனக்கு ஆசை. அண்ணன் சபையில் இருக்கும்வரை விண்ணப்பிக்கக் கூடாது என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். (வாசகி, பதுளை மாவட்டம்)

பதில்: முதல் கடிதத்தின் மறுபக்கத்தை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், தங்கச்சி. விண்ணப்பியுங்கள். உங்கள் பெயரில், உங்கள் பணத்தில், மற்றவர்களைப் போல மூடிய உறையில் விலையைக் கொடுங்கள். அண்ணன் செய்ய வேண்டியவை சில உண்டு: விண்ணப்பதாரிகளில் ஒருவர் தம் தங்கை என்பதை முன்கூட்டியே சபைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், அந்த விடயம் எடுக்கப்படும்போது மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டும், உறைகளைத் திறக்கும் உத்தியோகத்தரிடம் தேநீர் குடிக்கும் நேரத்தில்கூட இதைப் பற்றிப் பேசக் கூடாது. வேறொருவர் ஐந்நூறு ரூபா கூடுதலாகக் கொடுத்திருந்தால் கடை அவருக்கே போகட்டும். உங்களுக்குக் கிடைத்தால், அண்ணன் வெளியேறியதும் திரும்பி வந்ததும் கூட்ட அறிக்கையில் நேரத்தோடு குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று அடுத்த மாதம் அது உறுதிப்படுத்தப்படும்போது அவரையே பார்க்கச் சொல்லி, அதன் பிரதியொன்றைக் குத்தகைப் பத்திரத்தோடு சேர்த்துக் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.