பிரான்ஸ் கடவுச்சீட்டுடைய மாப்பிள்ளை, லண்டன் வதிவிடம்: மகளுக்கு எந்த விசா, எவ்வளவு கட்டணம்?

கேள்வி: எனது மகளுக்கும் லண்டனில் உள்ள மாப்பிள்ளைக்கும் 2020 ஆவணியில் சம்பந்தம் பேசி முடித்தோம். முதலில் கொரோனாவாலும், பிறகு நாட்டு நிலைமையாலும் தள்ளிப்போய், 2025 ஆவணியில்தான் எழுத்து (பதிவுத் திருமணம்) நடந்தது. மாப்பிள்ளை பிரான்ஸ் கடவுச்சீட்டு உடையவர். 2018 முதல் லண்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அங்கே நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் செட்டில்ட் ஸ்டேட்டஸ் இருக்கிறது. ஆண்டுச் சம்பளம் 26,400 பவுண். இங்கே ஒரு முகவர், ‘ஐரோப்பியக் குடும்ப அனுமதி’யில் அரசாங்கக் கட்டணமே இல்லாமல் அனுப்பி வைப்பதாகச் சொல்லி 18 இலட்சம் ரூபா கேட்கிறார். 3 இலட்சம் முற்பணமாகக் கொடுத்துவிட்டோம். மகளின் கடவுச்சீட்டும் அவரிடம் இருக்கிறது. இன்னொருவர், சம்பளம் போதாது, விசாவே கிடைக்காது என்கிறார். எதை நம்புவது? மகளுக்கு அங்கே நிரந்தரமாக இருக்கும் உரிமை எப்போது கிடைக்கும்?
— ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: நீங்கள் சந்தித்த இருவருமே ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். முகவர் சொல்லும் குடும்ப அனுமதி உண்மையில் இருக்கிறது. அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அது உங்கள் மகளுக்குப் பொருந்தாது. மாப்பிள்ளையின் சம்பளம் குறிக்கப்பட்ட தொகையைத் தொடவில்லை என்பதும் சரிதான். ஆனால் அதனால் விசா கிடைக்காது என்பது தவறு.

முதலில் அந்தக் கட்டணமில்லாத வழியைப் பார்ப்போம். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கு முன்னர், லண்டனில் வாழ்ந்த பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்துக் குடியுரிமையாளர்கள், அவர்களுள் நம்மவர்களும் ஆயிரக்கணக்கில் அடங்குவர், தங்கள் கணவனையோ மனைவியையோ விசாக் கட்டணமோ வருமான நிபந்தனையோ இன்றி அழைத்துக்கொள்ள முடிந்தது. அந்த உரிமையின் எச்சமாக இன்று நிற்பதே முகவர் காட்டும் குடும்ப அனுமதி. அதற்கு ஓர் எல்லைக்கோடு உண்டு: லண்டன் நேரப்படி 2020 டிசம்பர் 31 இரவு 11 மணி. அந்த நேரத்துக்கு முன்னர் திருமணம் முடித்திருந்த வாழ்க்கைத் துணைக்கே அந்த வாசல் திறக்கும். உங்கள் வீட்டு எழுத்து அதற்கு நாலரை ஆண்டுகளுக்குப் பின்னர் நடந்தது. மாப்பிள்ளையின் செட்டில்ட் ஸ்டேட்டஸ் அவருடைய சொந்த வதிவிடத்தைக் காக்கிறதே தவிர, அந்த எல்லைக்கோட்டைப் பின்னுக்குத் தள்ளி வைப்பதில்லை.

சம்பந்தம் 2020 ஆவணியிலேயே பேசி முடித்துவிட்டோமே, கொரோனாதானே குறுக்கே நின்றது என்று நீங்கள் கேட்பீர்கள். முகவரும் இதையே பிடித்துக்கொள்வார் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விதிகளில் ‘நிலைத்த துணை’ என்றொரு விலக்கு இருக்கிறது. எழுத்து நடக்காவிட்டாலும், அந்தத் திகதிக்கு முன்னரே கணவன் மனைவி போன்று வாழ்ந்தவர்களை அது உள்ளே எடுக்கும். பொதுவாக இருவரும் ஒரே வீட்டில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்; அல்லது அதற்கு ஈடான வலுவான சான்று, உதாரணமாக இருவருக்கும் பிறந்த பிள்ளை, இருக்க வேண்டும். அந்த உறவு எல்லைக்கோட்டுக்கு முன்னரே இருந்து, இன்றுவரை தொடரவும் வேண்டும். நம்முடைய ஊரில் பேச்சு முடித்து, மோதிரம் மாற்றி, தொலைபேசியில் நாளுக்கு மூன்று மணித்தியாலம் கதைத்தாலும், பெண் சாவகச்சேரியிலும் மாப்பிள்ளை லண்டனிலும் இருந்தால் அது நிச்சயதார்த்தம் மட்டுமே. நிலைத்த துணை என்ற சொல்லுக்குள் அது அடங்காது. கொரோனாவால் கலியாணம் தள்ளிப்போனது என்ற காரணமும் ஏற்கெனவே நீதிமன்றப் படி ஏறித் தோற்றுவிட்டது. செலிக் என்ற துருக்கி நாட்டவர், ருமேனியக் குடியுரிமையுடைய துணையை நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் உரிய காலத்தில் மணக்க முடியாமற் போய் 2021 ஏப்ரலில் மணந்து, அந்தக் காரணத்தை முன்வைத்து வழக்காடினார். 2022 இல் மேல் தீர்ப்பாயமும் 2023 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. சேர்ந்தே வாழ்ந்து, உரிய நேரத்தில் மணக்க முடியாமற் போனவருக்கே அந்த முடிவு என்றால், ஒரு நாள்கூட ஒரே வீட்டில் இருந்திராத உங்கள் பிள்ளைகளின் நிலை என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் முகவர் எதை நம்பி 18 இலட்சம் கேட்கிறார்? இப்படிப்பட்ட கோப்புகள் மேசைக்கு வந்தவுடன் நான் முதலில் தேடுவது, இருவரும் முன்னர் எங்கோ ஒன்றாக வாழ்ந்ததாகக் காட்டும் வாடகை ஒப்பந்தத்தையும், திகதி திருத்திய படங்களையும், கோயிலில் முன்னரே தாலி கட்டியதாக யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தையும்தான். பெரும்பாலும் அவை இருக்கும். அதிகாரிகளிடம் மாப்பிள்ளையின் பழைய விண்ணப்பங்கள் அனைத்தும் உள்ளன. 2018 இலிருந்து அவர் எங்கே, யாருடன் வாழ்ந்தார் என்று அவரே தந்த விவரமும் அவற்றில் இருக்கும். ஏமாற்று வேலை என்று கண்டால் விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு நிற்க மாட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு உங்கள் மகள் போடும் பிற விசா விண்ணப்பங்களையும் மறுக்க முடியும். முகவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. விண்ணப்பத்தில் அவருடைய பெயரே இருக்காது. பிரித்தானியாவுக்குள் குடிவரவு ஆலோசனை சொல்வோர் பதிவு பெற்றிருக்க வேண்டும், பெறாமல் சொன்னால் குற்றம் என்று 1999 முதல் சட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு ‘லண்டன் விசா’ என்று பலகை மாட்டுகிறவரை அந்தச் சட்டம் தொடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டப்படியான வழியில் உங்களுக்கு முதலில் ஆகும் அரசாங்கச் செலவு, பவுண் ஒன்று 400 ரூபா என்று வைத்தாலும், 20 இலட்சத்தைத் தாண்டுகிறது. அதைவிடச் சற்றுக் குறைவாக 18 இலட்சம் என்று கேட்பது தற்செயலாக நடந்ததன்று. அரசாங்கத்துக்குக் கட்டுவதிலும் குறைவுதானே என்று உங்களை எண்ண வைக்கும் விலை அது. மற்றவர் இலவசமாகப் பெறும் படிவத்தை நிரப்ப 18 இலட்சம் என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சட்டப்படியான வழி ஸ்பொன்சர் விசா என்று நாம் சொல்லும் வாழ்க்கைத் துணை விசா. மாப்பிள்ளை பிரித்தானியக் குடியுரிமை பெற்ற பின்னரே கூப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செட்டில்ட் ஸ்டேட்டஸ் போதும். 2025 ஏப்ரல் 9 இல் வந்த அட்டவணைப்படி விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண். அதோடு அரச வைத்திய சேவைக்கென வாங்கும் மருத்துவ மேல்வரி ஆண்டுக்கு 1,035 பவுண். விசா 33 மாதங்களுக்குத் தரப்படுவதால் அதை மூன்று ஆண்டாகக் கணக்கிட்டு 3,105 பவுணை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். மொத்தம் 5,043 பவுண். விசா மறுக்கப்பட்டால் மருத்துவ மேல்வரி திரும்ப வரும். விண்ணப்பக் கட்டணம் வராது. இந்த மேல்வரி 2015 இல் தொடங்கியபோது ஆண்டுக்கு 200 பவுணாக இருந்தது. 2019 இல் 400, 2020 இல் 624, 2024 பெப்ரவரியில் 1,035 என்று அது ஏறியிருக்கிறது. அங்கே போய் வேலை செய்து வரியும் கட்டப்போகும் ஒரு பெண்ணிடம், அதே வைத்தியசாலைக்காக இரண்டாம் முறையும் காசு வாங்குவதற்கு இதுவரை எனக்கு யாரும் ஒப்புக்கொள்ளத்தக்க விளக்கம் தரவில்லை. ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் தங்களுக்கு ஆகும் செலவை அவர்களே வெளியிடுகிறார்கள். கட்டணம் அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் மறைப்பதில்லை. ஏப்ரல் மாதம் வந்தால் கட்டணமும் ஏறுவது வழக்கமாகிவிட்டதால், ஆயத்தமாக இருந்தால் அதற்கு முன்னர் அனுப்பிவிடுங்கள்.

இனி வருமானம். 2012 முதல் 18,600 பவுணாக இருந்த எல்லை 2024 ஏப்ரல் 11 இல் 29,000 ஆனது. மாப்பிள்ளைக்கு 2,600 பவுண் குறைகிறது. மகள் அங்கே போய் உழைக்கப்போகும் சம்பளத்தை இந்த முதல் விண்ணப்பத்தில் கணக்கிட மாட்டார்கள். மாமனார் மாதாமாதம் தருவேன் என்று எழுதித் தரும் கடிதத்தையும் எடுக்க மாட்டார்கள். மாப்பிள்ளை இன்னொரு இடத்தில் பகுதிநேர வேலை எடுத்து, இரண்டு சம்பளமும் சேர்ந்து 29,000 என்ற அளவில் ஆறு மாதம் ஓடினால் அதுவே நேரான தீர்வு. சம்பளச் சீட்டில் உள்ள தொகை வங்கிக் கூற்றிலும் அப்படியே தெரிய வேண்டும். நம்மவர் கடைகளில் பாதியை வங்கியில் போட்டு மீதியைக் கையில் கொடுக்கும் பழக்கம் உண்டு. கையில் வாங்கிய காசு இங்கே காசே இல்லை. முதலாளியிடம் சொல்லிச் சீட்டில் மட்டும் தொகையைக் கூட்டி எழுதுவிப்பதும் வேண்டாம், ஏனெனில் வரித் திணைக்களத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்குச் சில நிமிட வேலை. சாப்பாட்டு விநியோகம் போன்ற சுயதொழில் வருமானம் கடந்த முழு நிதியாண்டின் வரிக்கணக்கைக் கொண்டே பார்க்கப்படுவதால், நேற்றுத் தொடங்கிய ஓட்டம் உடனடியாக உதவாது.

இரண்டாவது வழி, குறைவதைச் சேமிப்பால் நிரப்புவது. கணக்கு இப்படி: குறையும் தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 ஐக் கூட்ட வேண்டும். உங்களுக்கு 2,600 ஐ இரண்டரையால் பெருக்க 6,500. அதோடு 16,000 சேர்ந்தால் 22,500 பவுண். இந்தத் தொகை மகளின் பெயரிலோ மாப்பிள்ளையின் பெயரிலோ, இருவரின் கூட்டுக் கணக்கிலோ, ஆறு மாதம் ஒரு நாள்கூடக் குறையாமல் வங்கியில் கிடக்க வேண்டும். இலங்கை வங்கியொன்றில் இருந்தாலும், உடனே எடுக்கக்கூடியதாயின், ஏற்பார்கள். பெற்றோர் அன்பளிப்பாகக் கொடுத்த காசாகவும் இருக்கலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். ‘வங்கியில் காட்ட’ வட்டிக்குக் காசு போட்டு எடுப்போர் இருக்கிறார்கள். அந்தக் காசு கடன், அதைச் சேமிப்பென்று சொல்வது பொய். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாறி, வந்த காசும் அப்படித்தான்: காசு உண்மையானதாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இராது. தாலிக்கொடியில் எத்தனை பவுண் இருந்தாலும் அது இந்தப் பவுண் கணக்கில் சேராது.

சீதனக் காணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் சாவகச்சேரியிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். காணி ஏற்கெனவே மகளின் பெயரில் உறுதி முடிக்கப்பட்டு ஆறு மாதத்துக்கு மேலாகியிருந்தால், அதை விற்று வந்த காசு வங்கியில் ஆறு மாதம் கிடக்கவில்லை என்றாலும், அந்தக் காலம் முழுவதும் சொத்து அவருடையதாகவே இருந்தது என்று உறுதியையும் விற்பனை ஆவணத்தையும் காட்டி அதைச் சேமிப்பாகக் கணக்கிடலாம். காணி தகப்பனின் பெயரில் இருந்து, அவர் விற்று மகளுக்குக் கொடுத்தால், காசு மகளின் கணக்கில் விழுந்த நாளிலிருந்துதான் ஆறு மாதம் தொடங்கும்.

வதிவிட உரிமை பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதல் விசா 33 மாதம். அதற்குப் பிறகு அங்கேயிருந்தே 30 மாத நீடிப்பு, அதற்கு இதே அட்டவணைப்படி 1,321 பவுணும் மேல்வரி 2,587.50 பவுணும், ஐந்து ஆண்டு முடிந்ததும் நிரந்தர வதிவிடத்துக்கு 3,029 பவுண். தொடக்கம் முதல் முடிவு வரை அந்த அட்டவணை விலையில் 11,980.50 பவுண். போன நாளிலிருந்தே மகள் வேலை செய்யலாம். அரச உதவித் தொகைகளைப் பெற முடியாது. ஐந்து ஆண்டைப் பத்தாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பிரித்தானிய அரசு தன் கொள்கைத் திட்டத்தை வெளியிட்ட 2025 மே மாத வெள்ளை அறிக்கையிலிருந்து கிளம்பியது. அதிலேயே பிரித்தானியக் குடியுரிமையாளரின் வாழ்க்கைத் துணைக்கு ஐந்து ஆண்டு தொடரும் என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை பிரான்ஸ் குடியுரிமையாளர் என்பதால், இந்த வாக்கியத்தின் நிழலில் ஒதுங்க விரும்பினால் அவர் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது நல்லது. செட்டில்ட் ஸ்டேட்டஸ் கிடைத்துப் பன்னிரண்டு மாதம் கழிந்திருந்தால் அதற்கு வழி உண்டு, பிரான்ஸ் குடியுரிமையையும் இழக்க வேண்டியதில்லை. அதற்காக மகளின் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆவணங்களில் ஆங்கிலப் பரீட்சை ஏ1 தரம், காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அது தமிழில் இருந்தால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவை கட்டாயம் வேண்டும். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி, சமாதான நீதவானின் முத்திரை, விதானையாரின் கடிதம் என்று முகவர் தனித்தனியாகக் காசு வாங்கியிருந்தால், இந்த விசாவுக்கு அவை கேட்கப்படுவதில்லை. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று அடுத்ததாகச் சொல்வார். அந்த விசாவில் இருந்துகொண்டு வாழ்க்கைத் துணை விசாவுக்கு மாற முடியாது.

நாளைக்கே செய்ய வேண்டியது, அந்த முகவரிடம் போய்க் கடவுச்சீட்டையும், கொடுத்திருந்தால் திருமணச் சான்றிதழின் மூலப் பிரதியையும் வாங்கி வருவது; முற்பணத்தைப் பற்றிய பேச்சை அவை கைக்கு வந்த பிறகு தொடங்குங்கள். மகளின் பெயரில் ஏதாவது விண்ணப்பம் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், அனுப்பப்பட்டிருந்தால் அதன் முழுப் பிரதியையும் கேளுங்கள். அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் பார்க்காமல் புதிய விண்ணப்பத்தைத் தொட முடியாது. கடவுச்சீட்டைத் தர மறுத்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள்.