புது உபுண்டுவில் கட்டியது பழையதில் ஓடாதது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உபுண்டு லினக்ஸ் 24.04-ல், ஜிசிசி 13 கம்பைலர் கொண்டு ஒரு சி++ புரோகிராமை கம்பைல் செய்தேன். அதே ஃபைலை 22.04 சர்வரில் ஓட்டினால் ‘ஜிலிப்சி 2.38 இல்லை’, ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 இல்லை’ என்று இரண்டு பிழைகள். ஜிசிசி 11-க்கு இறங்கியதும் இரண்டாவது போய்விட்டது. முதலாவது அப்படியே நிற்கிறது. இன்னும் பழைய கம்பைலர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி; ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் என்பது ஜிசிசியோடு வரும் சி++ லைப்ரரியின் பதிப்புக் குறி. மிச்சமிருக்கும் பிழை கம்பைலரால் வந்ததல்ல. ஜிசிசி எதுவானாலும், சி ஹெடர்களும் சி லைப்ரரியும் 24.04-ல் உள்ள ஜிலிப்சி 2.39-லிருந்துதான் வரும். சர்வரில் இருப்பதோ 2.35. ஜிலிப்சி தன் ஃபங்ஷன்களுக்குப் பதிப்பு முத்திரை குத்தி வைக்கிறது. பழைய முத்திரைகளைப் புதுப் பதிப்புகள் கைவிடுவதில்லை. அதனால் பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது.

‘நான் புதுசாக எதையும் பயன்படுத்தவில்லையே’ என்பீர்கள். உங்கள் புரோகிராம் ஃபைலின் மேல் ஆப்ஜ்டம்ப் (objdump) கட்டளையைப் பெரிய ‘டி’ (-T) ஆப்ஷனோடு ஓட்டி, 2.38 உள்ள வரிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் ‘ஐசோசி23’ என்று தொடங்கும் ஸ்டர்டோல் (strtol) அல்லது எஸ்ஸ்கேன்எஃப் (sscanf) அகப்படும். சி23 தரப்படி ‘0பி’ எனத் தொடங்கும் இரும எண்களையும் படிப்பதற்காக 2.38-ல் வந்த புது வடிவங்கள் இவை. ஜி++ தானாகவே குனு நீட்சிகளைத் திறந்துவிடுவதால், எழுத்தை எண்ணாக்கும் சாதாரண ‘ஸ்டாய்’ (stoi) எழுதினாலே இது ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் ஆதரிக்க வேண்டிய மிகப் பழைய டிஸ்ட்ரோவிலேயே (லினக்ஸ் பதிப்பிலேயே) கட்டுவதுதான் தீர்வு. டாக்கரில் (வேறொரு லினக்ஸ் சூழலைத் தனியாக ஓட்ட உதவும் கருவி) 22.04 இமேஜை எடுத்து, சோர்ஸ் ஃபோல்டரை மவுண்ட் செய்து, பில்ட் டைரக்டரியைச் சுத்தமாக அழித்துவிட்டு கம்பைல் செய்யுங்கள். 24.04-ல் கட்டிய ஆப்ஜெக்ட் ஃபைல் ஒன்று தங்கினாலும், ‘ஐசோசி23’ ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று லிங்க் செய்யும்போதே பிழை வரலாம். இன்னும் கீழே போக ஆல்மாலினக்ஸ் 8 நல்லது: ஜிலிப்சி 2.28, கூடவே ஜிசிசி டூல்செட் 13-ம் கிடைக்கும்.

22.04-க்குள்ளேயே ஜிசிசி 13 தேவைப்பட்டால் அந்த 3.4.32 தொல்லை திரும்பும். ஐஓஸ்ட்ரீமைச் சேர்த்தாலே போதும். லிங்க் செய்யும்போது ‘ஸ்டாடிக் லிப்எஸ்டிடிசி++’, ‘ஸ்டாடிக் லிப்ஜிசிசி’ ஆப்ஷன்களைக் கொடுங்கள்; அந்த லைப்ரரிகள் உங்கள் ஃபைலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். புதிய கணினியின் சி லைப்ரரியை மட்டும் சர்வரில் காப்பி செய்து பழையதன் மேல் போட்டுவிடாதீர்கள்: ‘எல்எஸ்’ கூட ஓடாது, எஸ்எஸ்ஹெச்சில் மறுபடி நுழையவும் முடியாது.

கேள்வி: வெளியாரிடம் வாங்கிய பழைய லைப்ரரியை லிங்க் செய்தால், ஸ்ட்ரிங் வாங்கும் ஃபங்ஷன்கள் மட்டும் கிடைக்கவில்லை என்கிறது. மற்றவை சரி.

பதில்: பிழையில் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்று தெரிகிறதா? 2015-ல் வந்த ஜிசிசி 5, ஸ்ட்ரிங், லிஸ்ட் இரண்டின் உள்ளமைப்பை மாற்றியது. உங்கள் லைப்ரரி பழைய அமைப்பில் இருக்கிறது. ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் யூஸ் சிஎக்ஸ்எக்ஸ்11 ஏபிஐ’ (_GLIBCXX_USE_CXX11_ABI) மேக்ரோவை 0 என்று வைத்து உங்கள் எல்லா ஃபைல்களையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள். பூஸ்ட் போன்ற பிற சி++ லைப்ரரிகளையும் அதே 0-வோடு கட்ட வேண்டியிருக்கும், வேலை அதிகம். விற்றவரிடம் புது பில்ட் கேட்பது மலிவு.